வேலிக்குள் விரியன்

கடலூரில் ஐப்பசி பிறந்து நான்கு நாள் அடைத்துப் பெய்தால் போதும், சிப்காட் வளாகத்தில் ஏதாவதொரு ஆலையின் கேட்டருகே கூட்டம் கூடிவிடும். செக்யூரிட்டி கையில் தடி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் கையில் செல்போன். பின்வரிசையில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே எட்டிப் பார்க்கும் அப்ரண்டிஸ் பையன்கள். “அண்ணே, அடிக்காதீங்க, சாரைதான்” என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பாம்புகளின் கதை முடிந்துவிடும். மறுநாள், ஆலைக்குள் பாம்பு புகுந்தது என்று செய்தி வரும்.

அந்தப் பாம்பு எங்கிருந்தும் வந்ததல்ல. போன ஆடியிலும் அங்கேதான் இருந்தது. ஸ்கிராப் யார்டில் துருப்பிடித்துக் கிடக்கும் தகடுகளுக்கு அடியிலோ, மழைநீர்க் கால்வாயின் உடைந்த சிலாபுக்குக் கீழேயோ, மதில் ஓரத்து எலிவளையிலோ இருந்தது. வளைக்குள் தண்ணீர் ஏறியதும் மேடு தேடியது. அது கண்ட மேடு பேனல் ரூம் வாசற்படி, அவ்வளவுதான்.

ரசாயன ஆலைகள் நிறைந்த தொழிற்பேட்டை என்றால் புல் பூண்டு முளைக்காத இடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. மூக்கைத் துளைக்கும் நெடியை வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். உண்மை வேறு. ஊர்வன வாழ்வதற்கு இதைவிட வசதியான ஓர் இடத்தைத் திட்டம் போட்டுக் கட்டச் சொன்னாலும் யாராலும் கட்டியிருக்க முடியாது.

ஆற்றுக்கும் சாலைக்கும் நடுவே

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் சாலையில் தெற்கே போனால் பச்சையாங்குப்பம் தாண்டியதும் இடப்பக்கம் ஆலைகள் தொடங்குகின்றன. அவற்றின் முதுகுப்பக்கம் உப்பனாறு. கடலுக்கு இணையாக வடக்கு நோக்கி ஓடி, முதுநகர்த் துறைமுகத்தருகே கடலில் கலக்கும் உப்பங்கழி அது. ஆற்றுக்கு அப்பால் மணல்திட்டும் மீனவர் குப்பங்களும் வங்கக்கடலும். சாலைக்கு மேற்கே செம்மண் பூமி. சவுக்கு, முந்திரி, நிலக்கடலை, மழை வந்தால் நெல். குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் ஆகிய ஊர்கள் ஆலைகளோடு தோளுரசி நிற்கின்றன.

சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டது. கடலூர் வளாகம் 1980களில் வந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி என்று ரசாயனம் சார்ந்த தொழில்களே இங்கே பெரும்பாலும் அமைந்தன. வளாகம் வருவதற்கு முன் உப்பனாற்றுச் சேற்றில் தண்ணீர்ப்பாம்பும், செம்மண் மேட்டில் விரியனும், வயலில் சாரையும் நல்ல பாம்பும் தனித்தனியே எல்லை பிரித்து வாழ்ந்திருக்கும். இரண்டு வகை நிலமும் முட்டிக்கொள்ளும் கோட்டின் மேலேயே போய் மதிற்சுவர் எழுப்பினோம். அதனால்தான் ஒரே ஆலையின் கிழக்கு வேலியில் உப்புத்தண்ணீர்ப் பிராணியும் மேற்கு வேலியில் மேட்டுநிலப் பிராணியும் தென்படுகின்றன.

மதில் எழுப்பியது மட்டுமா, உள்ளே சகல சௌகரியமும் செய்து கொடுத்தோம். ஒதுக்கீடு வாங்கிவிட்டுக் கட்டாமல் போட்ட மனைகள், மூடிப்போன ஆலைகள், அவற்றில் ஆள் உயரத்துக்கு மண்டிய சீமைக்கருவேலம். தெற்கே காயல்பட்டுப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் அடிபட்டு, அதோடு வேலை நின்றது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் முள்ளும் புதரும் பிடித்தன. மனிதன் வேலி போட்டு உள்ளே வராமல் இருந்தால் அதுதான் காடு. ஆடு மேய்க்கவும் விறகொடிக்கவும் ஆள் வராத இடம் கிராமத்தில் கிடையாது, தொழிற்பேட்டையில் உண்டு.

அடுத்தது சாப்பாடு. காண்டீன் பின்புறம் கொட்டும் சோறு எலிக்கு. எலி பாம்புக்கு. இரவு முழுக்க எரியும் சோடியம் விளக்குக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் பூச்சி வரும். பூச்சிக்குத் தேரை வரும், சுவரில் பல்லி வரும். தேரைக்கு நல்ல பாம்பு வரும், பல்லிக்குக் கட்டுவிரியன் வரும். விளக்கு எரியும் கம்பத்தடியில் பத்திரமாக இருக்கிறோம் என்று நிற்கிற செக்யூரிட்டிக்கு, அந்த விளக்குதான் விருந்து வைத்து அழைக்கிறது என்பது தெரியாது. வெளிச்சம் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. வெளிச்சம் விழும் இடத்தில் புதரும் குப்பையும் இருக்கக்கூடாது என்பதே விஷயம்.

ஒளிய இடத்துக்கா பஞ்சம்? அடுக்கி வைத்த மரப் பேலட்டுகள், காலி டிரம்கள், தரைக்கடியில் ஓடும் கேபிள் டிரெஞ்சுகள், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் குவியல், இடித்த கட்டடத்தின் செங்கல் மேடு. கேபிள் டிரெஞ்ச் பாம்பின் நெடுஞ்சாலை. ஆலையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வெயில் படாமல், பருந்தின் கண்ணில் படாமல் அதன் வழியே போய்விடலாம். எலெக்ட்ரீஷியன்களுக்கு இது நன்றாகத் தெரியும். டிரெஞ்ச் மூடியைத் திறக்கும் முன் கம்பியால் இரண்டு தட்டு தட்டுவது பழக்கமான கைகளின் வழக்கம்.

அதே எலெக்ட்ரீஷியன்களுக்குப் பாம்பைவிட அதிகத் தொல்லை தருவது பல்லி. கேபிள் நுழையும் ஓட்டையைச் சரியாக அடைக்காத பேனலுக்குள் பல்லி புகுந்து இரண்டு பஸ்பாருக்கு நடுவே நின்றால் ஷார்ட் ஆகும், ஃபீடர் டிரிப் ஆகும், பிளாண்ட் நிற்கும். மனிதனை ஒன்றும் செய்யாத இந்தப் பல்லி நிறுத்திவைக்கும் உற்பத்திக்குக் கணக்கு எழுதினால் முதலாளிகள் அதிர்ந்துபோவார்கள். பேனலின் அடியில் இருக்கும் ஓட்டையை அடைக்கும் தகடும் கேபிள் கிளாண்டும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. பல்லியை அடைத்தால் பல்லியைத் தேடிவரும் பாம்பும் அடைபடும்.

யார் யார் குடியிருக்கிறார்கள்?

ஆலைகளில் அதிகம் தென்படுவதும் அதிகம் அடிபட்டுச் சாவதும் சாரை. ஆறடிக்கு மேல் வளரும், பகலில் நடமாடும், வேகமாக ஓடும். இந்த மூன்றும் சேர்ந்து அதற்கு எமனாகின்றன. விஷம் கிடையாது. எலி பிடிப்பதில் பூனைக்கும் மேல். சாரையும் நல்ல பாம்பும் இணைகின்றன என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழும்பி நிற்பதைப் பார்த்தால் பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரைகள். யார் பெரியவன் என்ற மல்யுத்தம் அது.

மழைநீர்க் கால்வாயில் தலைநீட்டுவது தண்ணீர்ப்பாம்பு. சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும், தயங்காமல் கடிக்கும். கடித்தால் ரத்தம் வரும், விஷம் ஏறாது. கழுத்தைத் தட்டையாக்குவதைப் படமென்று நினைத்து நல்ல பாம்பு என்று அடித்துவிடுவார்கள். நல்ல பாம்பு நிஜமாகவே படமெடுத்தால் அது நமக்குச் செய்கிற உபகாரம். ‘பார்த்துக்கொள், நான் இங்கே இருக்கிறேன்’ என்று அது முன்னறிவிப்புக் கொடுக்கிறது. இரண்டடி பின்னால் நகர்ந்தால் அதுவும் தன் வழியே போய்விடும்.

கண்ணாடி விரியன் ஓடாது. இதுதான் அதன் ஆபத்து. உதிர்ந்த சருகின் நிறத்தில் தடித்துச் சுருண்டு அசையாமல் கிடக்கும். மிதித்தால்தான் தெரியும். மிதிப்பதற்கு முன் அது எழுப்பும் சீறல், கம்ப்ரஸர் குழாயில் காற்று கசிவது போலவே இருக்கும். நிஜமாகவே குழாய்கள் கசியும் ஆலையில் அதை யார் பொருட்படுத்துவார்கள்? கண்ணாடி விரியன் முட்டையிடாது. கோடையின் கடைசியிலும் தென்மேற்குக் காற்று தொடங்கும்போதும் 20, 30 என்று குட்டி போடும். பிறந்த அன்றே குட்டிக்கு விஷம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் புல் வெட்டும் ஆட்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இந்தக் குட்டிகளைத்தான். இந்தப் பாம்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பேட்ரிக் ரஸல் என்ற மருத்துவருடையது. சோழமண்டலக் கரையோரத்துப் பாம்புகளைச் சேகரித்து 1796-இல் அவர் வெளியிட்ட நூல்தான் இந்தியப் பாம்பு ஆய்வுக்கு அடித்தளம்.

சுருட்டை விரியன் ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதல். செம்மணல் மேடும் கல் குவியலும் அதற்குப் பிடித்த இடம். சிறியதுதானே என்று செருப்புக் காலால் ஓரம் தள்ளப் பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

கட்டுவிரியன் கதை தனி. பகலில் சாது, இரவில் நடமாடும். கறுத்துப் பளபளக்கும் உடலில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள். தரையில் படுத்திருப்பவரின் பாயில் ஏறும். அவர் புரண்டால் கடிக்கும். பல் அத்தனை சிறியது என்பதால் வலி தெரியாது, தடம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். கண் இமை தொங்கும், நாக்கு குழறும், பிறகு மூச்சு நிற்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தொழிற்பேட்டையில் தரையில் படுப்பது யார்? கான்ட்ராக்டர் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகையில் தங்கும் வடமாநிலத் தொழிலாளிகள், கேட்டருகே கண்ணயரும் செக்யூரிட்டி, லாரிக்கு அடியில் துண்டை விரிக்கும் கிளீனர். கட்டுவிரியனுக்கு எதிரான மிகச் சிறந்த ஆயுதம் ஒரு கட்டிலும், ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிய ஒரு கொசுவலையும். இதைச் சொன்னால் இவ்வளவுதானா என்கிறார்கள். இவ்வளவுதான்.

கட்டுவிரியன் போலவே வெள்ளைக் கட்டுகளோடு, ஆனால் பழுப்பு உடம்போடு, பல்லி தேடிச் சுவர் ஏறுகிற ஒன்று உண்டு. வெள்ளிக்கோல் வரையன் என்று பாம்பு நூல்கள் சொல்லும். விஷமில்லாதது. கட்டுகள் கழுத்திலேயே பளிச்சென்று தொடங்கினால் பெரும்பாலும் அது. கழுத்தை விட்டுத் தள்ளித் தொடங்கினால் கட்டுவிரியன் என்று சந்தேகப்படலாம். ஆனால் இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு யாரும் கையை நீட்டிவிட வேண்டாம்.

நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொம்பேறி மூக்கன் கடித்தவன் செத்தானா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பார்கள். அந்த அப்பாவி மரத்தில் ஏறுவது ஓணானையும் மரத்தவளையையும் பிடிக்க. அரணை கடித்தால் மரணம் என்பார்கள். அரணைக்கு விஷமே கிடையாது. மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை என்பார்கள். வால் மொண்ணையாக இருப்பதால் வந்த வினை. இந்தக் கடைசிப் பொய் மட்டும் வெறும் பொய்யாக நிற்கவில்லை. மண்ணுளி வீட்டிலிருந்தால் செல்வம் சேரும், லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஏமாற்றும் கும்பல்கள் தமிழகமெங்கும் அவ்வப்போது பிடிபடுகின்றன. வாங்க வந்தவரும் விற்க வந்தவரும் ஒரே வழக்கில் உள்ளே போவதுதான் மிச்சம்.

உடும்பின் நிலை இன்னும் மோசம். எலி, நண்டு, முட்டை, செத்த பிராணி என்று எல்லாவற்றையும் தின்று இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் இதைக் கறிக்கும் மூட்டுவலி எண்ணெய்க்கும் வேட்டையாடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், உடும்பும் இருக்கிறது. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை. ஆலை மதிலை ஒட்டிச் சுருக்குக் கண்ணி வைப்பவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ, தெரிந்த மாதிரி நடப்பதில்லை.

உப்பனாற்றுப் பக்கம்

கிழக்கு வேலியின் நிலவரம் வேறு. ஏற்றவற்றத் தண்ணீரில் சேற்றோடு சேறாகக் கிடக்கும் உப்பங்கழித் தண்ணீர்ப்பாம்புகள் மீனும் நண்டும் தின்று பிழைப்பவை. ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை, சோதிக்குப்பம் கரைகளில் வலை இழுக்கும்போது கடல் பாம்பு சிக்கும். துடுப்பு போல் தட்டையான வால்தான் அடையாளம். மீனவர்கள் அதை வாலைப் பிடித்துத் தண்ணீரில் வீசும் லாவகம் பார்ப்பதற்கு அலட்சியமாகத் தெரியும். கடல் பாம்புகளில் பலவற்றின் விஷம் நல்ல பாம்பினுடையதைவிடக் கடுமையானது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து கடல் பாம்புக் கடிக்கு வேலை செய்யாது. வலையைப் பிரிக்கும் கையில் ஒரு தடித்த உறை போட்டால் நல்லது.

தை, மாசி மாதங்களில் இதே கரையில் சிற்றாமைகள் முட்டையிட ஏறுகின்றன. செத்து ஒதுங்குவனவும் உண்டு. இழுவை வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகின்றன அவை.

ரசாயனத்துக்கு வருவோம். உப்பனாற்றில் மீன் செத்து மிதப்பது கடலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. காற்றில் என்ன கலக்கிறது என்று தெரிந்துகொள்ள 2004 முதல் இந்த ஊர் மக்களே பையில் காற்றுப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த ஆலைப் பக்கம் என்ன நெடி என்று பெண்கள் பட்டியலே வைத்திருந்தார்கள். 2025 மே மாதம் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்துக் குடிகாட்டு வீடுகளுக்குள் சாயத் தண்ணீர் புகுந்தது. தவளையும் தேரையும் தண்ணீரில் கலந்ததைத் தோல் வழியாகவே உறிஞ்சும். அவற்றைத் தின்னும் பாம்புக்கும், பாம்புக்குட்டியைத் தின்னும் உடும்புக்கும் அது கைமாறிப் போகும். ஆலைக்குள் பாம்பு வந்தால் உடனே தடி தேடுகிற நாம், ஆலையிலிருந்து வெளியே போனதைத் தேட இருபது வருடமாகத் தயங்குகிறோம். அந்தத் தண்ணீர் கடித்தால் தடம் தெரிவதில்லை, கட்டுவிரியன் மாதிரி.

2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டமே மிதந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் பாம்பும் மனிதனும் ஒரே மேட்டைத் தேடுவார்கள். பள்ளிக்கூட வராந்தா, ரயில்பாதைக் கரை, ஆலையின் லோடிங் பிளாட்பாரம். வெள்ளம் வடிந்தபின் வீட்டைக் கழுவும்போதுதான் கடி அதிகம். நனைந்த பாயைச் சுருட்டுகிற கைக்குள் பாம்பும் சுருண்டிருக்கும்.

சிதம்பரத்தில் வேறு கணக்கு

இதே சாலையில் இன்னும் தெற்கே போனால் ஊர்வனவற்றில் பெரியது காத்திருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த வல்லம்படுகை, வேளக்குடி, பழையநல்லூர், அகரநல்லூர்ப் பக்கம் பழைய கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன. குளிக்கப் போனவர்களையும் மாடு கழுவப் போனவர்களையும் அவை தாக்கியிருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. மழைக்காலத்தில் வாய்க்கால் வழியே ஊருக்குள் வந்து குளத்திலோ தெருவிலோ கிடக்கும். வனத்துறையினர் கட்டித் தூக்கி வக்காராமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது வாடிக்கை.

பதஞ்சலியைப் பாம்புடலோடு வணங்கும் ஊர் சிதம்பரம். அங்கேயும் முதலை என்றால் பயம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முதலை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், யார் பிடிப்பார், எங்கே கொண்டுபோய் விடுவார் என்பது அந்த ஊர்ச் சிறுவனுக்குக்கூடத் தெரியும். ஆற்றங்கரையில் எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. முதலையைவிடப் பல மடங்கு அதிகம் மனிதரைக் கொல்லும் பாம்புக்குத் தொழிற்பேட்டையில் பலகையும் இல்லை, ஏற்பாடும் இல்லை. யாருடைய செல்போனிலாவது பாம்பு பிடிப்பவரின் எண் இருந்தால் உண்டு.

அந்தப் பாம்பு பிடிப்பவர்களைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். சம்பளமில்லாமல், காப்பீடு இல்லாமல், கூப்பிட்ட நேரத்துக்கு ஓடிவந்து பாம்பையும் மனிதரையும் காப்பாற்றுகிற இளைஞர்கள் பலர். வீடியோவுக்காகப் பாம்பின் தலையருகே முகத்தைக் கொண்டுபோகிறவர்களும் சிலர். 2025 மார்ச்சில் கோவையில், பல ஆண்டுப் பழக்கமுள்ள ஒருவரே நல்ல பாம்பு கடித்து இறந்தார். கேரள வனத்துறை 2020-இல் சர்ப்பா என்ற செயலியைத் தொடங்கி, பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர் மட்டுமே பாம்பு பிடிக்கலாம் என்று ஒழுங்குபடுத்தியது. ஊக்குக் கம்பியும் பையும் உறையும் காலணியும் கட்டாயம். வித்தை காட்டினால் சான்றிதழ் போகும். கடலூர் சிப்காட்டுக்கு அதுபோல ஐந்தாறு பேரை, ஆலைகள் கூட்டாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது பெரிய செலவே அல்ல.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டால், பக்கத்திலேயே இருக்கிறார்கள். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் இருளர் குடும்பங்கள் ஏராளம். பிச்சாவரத்தையொட்டிய கிள்ளையில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைப்பவர்களும் அவர்களே. பாம்புத்தோல் வணிகம் சட்டப்படி நின்றபின் பிழைப்பிழந்த இருளர்களைக் கொண்டு 1978-இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மூன்று வாரம் போல் பானையில் வைத்து, நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்பு பெருமளவு இந்த விஷத்தை நம்பியே நடக்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பத்மஸ்ரீ கொடுத்த அரசு, அவர்களுடைய உறவினர்கள் எலி பிடித்துக் கூலி வாங்கும் மாவட்டத்தில் ஒரு வேலை கொடுக்க யோசிக்கிறது.

கடித்தால்

எண்களைக் கொஞ்சம் பார்ப்போம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமத்தில், பெரும்பாலும் வீட்டில் அல்லது வேலைசெய்யும் இடத்தில். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்து, 2030-க்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றது. ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. தமிழக அரசு அதே ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனி தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் கணக்கில் காட்ட வேண்டும். நல்ல தொடக்கம். கணக்கு வந்தால்தான் எந்த வட்டாரத்துக்கு எத்தனை மருந்துக் குப்பி என்று முடிவுசெய்ய முடியும்.

நம் விஷமுறிவு மருந்து, இருளர்கள் விஷம் எடுக்கும் அந்த நான்கு பாம்புக்கும் பொதுவானது. ஆகவே கடித்த பாம்பைத் தேடி அடித்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. அப்படித் தேடப்போய் இரண்டாவது ஆள் கடி வாங்குகிறார். மருத்துவர் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைப்பார். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. இமை தொங்கினால் பெரும்பாலும் நல்ல பாம்பு அல்லது கட்டுவிரியன். அதை வைத்தே சிகிச்சை தொடங்கிவிடும். விஷம் வெவ்வேறு வட்டாரத்தில் வெவ்வேறு தன்மையோடு இருக்கும் என்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்துக்கான விஷம் பெரிதும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பாம்புகளிடமிருந்து வருவதால் ராஜஸ்தான்காரரைவிடக் கடலூர்க்காரருக்கு அது ஒத்துவர வாய்ப்பு அதிகம்.

கயிறு இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, வேர் அரைத்துப் பூசுவது இவை எல்லாம் காலைப் பறிக்கும் அல்லது உயிரைப் பறிக்கும். மோதிரம், கொலுசு, வாட்ச், இறுக்கமான ஷூ எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வீங்கினால் கழற்ற முடியாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் கொண்டுபோக வேண்டும். சிப்காட்டிலிருந்து வடக்கே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை. தெற்கே சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன. இந்த வசதி உட்புறக் கிராமங்கள் பலவற்றுக்குக் கிடையாது. இங்கே ஒருவர் பாம்புக்கடியால் இறந்தால் அதற்குத் தூரத்தைக் காரணம் காட்ட முடியாது. இரவில் வண்டி இல்லை, சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை, கான்ட்ராக்டர் பெயர் வெளியே வரக்கூடாது என்று நினைத்தார் என்பவைதான் காரணங்களாக இருக்கும்.

ஆலைகளில் குளோரின் கசிந்தால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எங்கே கூடுவது என்றெல்லாம் ஒத்திகை நடக்கிறது. நடக்கத்தான் வேண்டும். அந்த ஒத்திகையில் பத்து நிமிடம் பாம்புக்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? நிரந்தர ஊழியருக்கு சேஃப்டி ஷூ உண்டு. புல் வெட்ட, டிரெயின் அள்ள, ஸ்கிராப் பிரிக்க வருகிற கான்ட்ராக்ட் பெண்கள் ரப்பர் செருப்போடு நிற்கிறார்கள். விரியன் கடிப்பது பெரும்பாலும் கணுக்காலுக்குக் கீழே. முழங்கால் வரை வரும் கம்பூட் ஒரு ஜோடியின் விலை சில நூறு ரூபாய். ஆட்கள் வேலைசெய்கிற, நடக்கிற இடமெல்லாம் போதிய வெளிச்சம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரை இருட்டில் நடந்து சி ஷிப்டுக்கு வருகிறவருக்கு அந்த வெளிச்சம் இன்னும் போய்ச்சேரவில்லை. வேலையிடத்தில் கடித்தால் அது பணியிட விபத்து. அப்படியே பதிவு செய்ய வேண்டும், இழப்பீடும் அப்படியே தர வேண்டும். ‘பாம்பு கடிச்சா கம்பெனி என்ன பண்ணும்?’ என்ற பேச்சை இனி எடுக்கக்கூடாது. பாம்புக்கு வீடு கட்டிக் கொடுத்தது கம்பெனிதான்.

அடுத்த ஐப்பசிக்கு முன் சிப்காட் நிர்வாகமும் ஆலைகளும் மாவட்ட வனத்துறையும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் இதில் முக்கால்வாசி தீரும். காலி மனைகளில் மதிலிலிருந்து பத்தடிக்காவது புதரை வெட்டுங்கள். ஸ்கிராப்பைத் தரையில் கொட்டாமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். தங்கும் கொட்டகைக்குக் கட்டிலும் கொசுவலையும் கொடுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பூட்டும் டார்ச்சும் கொடுங்கள். பாம்பு பிடிக்கப் பயிற்சி பெற்றவரின் எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் ஒவ்வொரு கேட்டிலும் எழுதி வையுங்கள்.

இதைப் படிக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. பாம்பைக் கண்டால் தடியை எடுக்காதீர்கள். பத்தடி தள்ளி நின்று, கண்ணை எடுக்காமல், ஆளைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கடித்த நேரத்தைப் பார்த்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். சூப்பர்வைசருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.